செங்கம்மாவை வீட்டில் இறக்கிவிட்டார்கள்

திருப்பதி பஸ் ஸ்டாண்டு வாசல்ல சந்தனம் விக்கிறவ நான். சுந்தரம்மான்னு கேட்டா கண்டக்டருங்க கூட கை காட்டுவாங்க. மலையில மொட்ட போட்டுக்கினு எறங்கறவங்க தலைக்கு ஜில்லுன்னு பூசி வுடுவேன். சொந்த ஊரு நகரி. தறி ஓட்டிக்கினு இருந்த வூட்டுக்காரரு போனப்புறம் இங்க வந்துட்டேன். எனக்கு வாடகைக்காவது ஒரு ரூம் கீது. செங்கம்மாவுக்கு அதுவும் இல்ல. இல்லன்னு ஒருத்தருக்கும் தெரியாம வெச்சிருந்தா பாருங்க, அதான் அவ சாமர்த்தியம்.

காலையில ஹோட்டல்ல பாத்திரம் தேய்ப்பா. மத்த நேரம் மடியில ஒரு பைய வெச்சிக்கினு, ஊருக்குப் போற பஸ்ஸுக்கு காத்துக்கினு கீறவ மாதிரி பெஞ்சில உக்காந்திருப்பா. புடவ எப்பவும் தோச்சதா இருக்கும். கை நீட்டவே மாட்டா. இந்த ஊர்ல தரையில எவன் படுத்திருந்தாலும் பக்தின்னு நெனைச்சிக்குவாங்க. அதுல வூடு வாசல் இல்லாம படுத்திருக்கறவன் யாருன்னு பாக்க எவனுக்கும் நேரமில்ல.

பெரிய மனுசங்க சாமி பாக்க வந்தா மட்டும் நேரம் வந்துடும். மொத நாளே லாரி வந்து நிக்கும். அழுக்குத் துணி, தாடி, போக்கிடம் இல்லாத மொகம், எல்லாத்தையும் அள்ளிக்கினு போயி காளஹஸ்தி ரோட்டுல எங்கியாச்சும் தள்ளி வுட்டுட்டு வருவாங்க. ஊரு சுத்தமாயிடும். ஒரு வாட்டி நானே ஏட்டய்யாவக் கேட்டேன், என்னாத்துக்குய்யா இந்தப் பாவம்னு. "இதி தொரல காலம் நுஞ்சி உன்ன ரூலம்மா"ன்னாரு. தொரைங்க காலத்துலருந்து கீற ரூலாம். தொரைங்க கப்பலேறி அம்பது வருசத்துக்கு மேல ஆச்சி. அவன் வுட்டுட்டுப் போன லத்திய கீழ வெக்க இவங்களுக்கு மனசு வரல. எனக்கு வயிறு எரியிது. எரிஞ்சி என்னா பண்றது.

லாரி வருதுன்னு காத்து வாக்குல சேதி வந்தா, செங்கம்மா மலையேறி மொட்ட போட்டுக்குவா. அங்க அதுக்குக் காசு கேக்க மாட்டாங்க. எறங்கி வந்து என்னாண்ட சந்தனம் பூசிக்குவா. போலீசு "ஏ ஊரம்மா?"ன்னு கேட்டா, "கங்காதர நெல்லூருங்க, பஸ்ஸுக்கு உக்காந்துக்கினு கீறேன்"னுவா. மொட்டையில சந்தனம் இருந்தா அவங்க பக்தருங்க, கை வெக்க மாட்டாங்க. அவ தலையில முடி வளந்து நான் பாத்ததே கம்மி.

கங்காதர நெல்லூருன்றது பொய் இல்ல. ஏரிக்கரைக்குக் கீழ, மாமனாரு எழுப்பின மண்ணு செவுரு வூடு இருந்திச்சி. மாம்பழ ஜூசு பேக்டரி வருதுன்னு தெருவையே இடிச்சாங்க. கேட்டா புறம்போக்காம். வெள்ளக்காரன் எப்பவோ சங்கிலி புடிச்சி அளந்து எழுதி வெச்சானாம், அதான் செல்லுமாம். ஏழை சொல்லு அம்பலம் ஏறுமா? ஒரே மவன் முனியப்பன் திருப்பூர் பனியன் கம்பெனியில கீறான். ஒத்த ரூம்ல பொண்டாட்டி, புள்ளைங்க, மாமியாரு. அங்க இவ கால நீட்ட எடமில்ல. கெட்டும் பட்டணம் சேருன்ற மாதிரி இங்க வந்து சேந்தா.

போன வெயிலு காலத்துல லாரி வந்த அன்னிக்கி, என் கை அவ தலையில இருக்கசொல்லவே ஒரு வேன் வந்து நின்னுச்சி. நாகபூஷணமும் அவன் பொண்டாட்டி துர்காதேவியும் எறங்கினாங்க. ரெண்டு பேரும் மொட்ட. ஊர்ல செங்கம்மாவுக்குப் பக்கத்து வூடு. தெருவ இடிக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே பெங்களூருக்கு கட்டட வேலைக்குப் போனவங்க, இப்ப சொந்த வேன்.

"செங்கம்மாக்கா தானே? நீயும் வேண்டுதலா?"ன்னு துர்காதேவி கையப் புடிச்சிக்கினா.

"ஆமாம்மா, மவனுக்காக."

"ஏறுக்கா. நம்ம ஊரு வழியா தான் போறோம்."

"இருக்கட்டும்மா, நான் அப்புறமா வர்றேன்."

நாகபூஷணம் வுடல. "சாமியப் பாத்துட்டு நேரா வூட்டுக்குப் போவணும்க்கா. நடுவுல எங்கியாச்சும் தங்கினா பலன் போயிடும். உனக்குத் தெரியாததா?"

எங்க பக்கத்துல அது பெரிய சாங்கியம். மலைக்குப் போயி வந்தா, நம்ம வூட்டு வாசப்படிய மிதிக்கிற வரைக்கும் இன்னொருத்தர் படிய மிதிக்கக் கூடாது. எதிர்ல லாரிக்காரன் வேற எங்களயே பாத்துக்கினு நின்னான். செங்கம்மா என்னைப் பாத்தா. சொல்லிடாதன்னு அந்தக் கண்ணு கெஞ்சிச்சி. நான் வாய மூடிக்கினேன். அவ ஏறிட்டா.

மறுநாள் அவளே சொன்னது இது. வழியெல்லாம் துர்காதேவி கேட்டுக்கினே வந்தாளாம். கோழி வெச்சிருக்கியா? மொருங்க மரம் காய்க்குதா? வூட்டப் பூட்டிக்கினு வந்தியா? எல்லாத்துக்கும் பதில் சொன்னாளாம். ரோட்டாண்டயே எறக்கி வுடுன்னு கெஞ்சினாளாம், அவன் கேக்கல. ஏரிக்கரைக்குப் போனா ஒரே காம்பவுண்டு செவுரு.

"எங்கக்கா நம்ம தெரு?"ன்னு நாகபூஷணம் ஆடிப் போயிட்டான்.

"பேக்டரிக்காரங்க எடுத்துக்கினாங்க. எங்களுக்கு அந்தாண்ட காலனியில வூடு குடுத்தாங்க"ன்னு சொல்லி, கண்ணுல பட்ட ஒரு பச்ச பெயிண்டு வூட்டக் கை காட்டியிருக்கா. யார் வூடோ.

வேன் அங்கியே போயி நின்னுச்சி. உள்ள வந்து பாத்துட்டுப் போறோம்னு துர்காதேவி காலக் கீழ வெச்சிட்டா. செங்கம்மா அவ கையப் புடிச்சி நிறுத்தினா.

"உன் வூட்டுப் படிய மிதிக்கறதுக்கு முன்னாடி என் வூட்டுப் படிய மிதிக்கலாமா துர்கா? சாமி குத்தம்."

நாகபூஷணம் கன்னத்துல போட்டுக்கினான். ஆனா வண்டிய எடுக்கல. நீ உள்ள போக்கா, பாத்துட்டுப் போறோம்னான். வேற வழி? கேட்டத் தொறந்துக்கினு போனா. ஒரு சின்னப் பொண்ணு வெளிய வந்து, யாரும்மான்னு கேட்டுச்சாம். தண்ணி குடுக்கறியாம்மான்னு மெதுவாக் கேட்டா. அந்தப் பொண்ணு மொட்டையப் பாத்ததும் கையெடுத்துக் கும்புட்டுட்டு, "மலையிலருந்தா வர்ற? இங்கியே நில்லும்மா, படியேறாத. நேரா உன் வூட்டுக்குப் போவணும் இல்ல"ன்னு சொல்லிட்டு தண்ணிக்கு உள்ள போச்சி. செங்கம்மா திரும்பி வேனப் பாத்து கை ஆட்டினா. அவங்களும் ஆட்டினாங்க. வேன் போயிடிச்சி.

தண்ணிய குடிச்சிட்டு, ரோட்டுக்கு நடந்து வந்து பஸ் புடிச்சி மறுபடியும் இங்க வந்துட்டா. கேட்டதும் எனக்கு கோவம் பொத்துக்கினு வந்திச்சி.

"லூசாடி நீ? வாயத் தொறந்து சொல்லியிருந்தா பெங்களூர்ல ஒரு மூலையில படுக்க வெச்சிருப்பாங்க இல்ல?"

"வெச்சிருப்பாங்க. துர்கா நல்லவ"ன்னா. குரல்ல தெம்பே இல்ல. பைய எடுத்து மடியில வெச்சிக்கினா.

"செங்கம்மாவுக்கு ஒரு வூடு கீதுன்னு இந்த ஒலகத்துல நம்பறவங்க அவங்க ரெண்டு பேரு தான். அதையும் நானே இடிக்கணுமா, சுந்தரம்மா?"