முப்பத்தேழாம் அளவுக் கால்

மாதனூரில் எங்களுக்கு எதிர்வீடு அந்த அக்காவுடையது. அவர் மகளும் என் மகளும் ஆம்பூர்ப் பக்கம் ஒரே ஷூ கம்பெனியில் வேலை பார்த்தார்கள். என் மகள் டிசைன் படித்தவள். புது மாடல்களை வரைவாள். அந்தப் பெண் தையல் பிரிவு. ஆனால் அவளுடைய கால் சரியாக முப்பத்தேழு. சாம்பிள் ஷூவை அந்த அளவில்தான் தைப்பார்கள். வாங்க வருகிறவர்கள் முன்னால் அதைப் போட்டு நடந்து காட்ட அவளைத்தான் கூப்பிடுவார்கள். என் மகளுக்கு முப்பத்தொன்பது.

"இன்னாக்கா, உன் பொண்ணு நடந்தாதான் ஆர்டரே வருதாமே" என்பேன்.

"உன் பொண்ணுக்குக் கை, என் பொண்ணுக்குக் கால். வுடு" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு நாளெல்லாம் உறுத்தும்.

போன வருஷம் ஒரு வெளிநாட்டு வியாபாரி வாடகைக்கு எடுத்த சிறிய விமானத்தில் வந்திருந்தார். சாம்பிளைத் தன் கூட்டாளிகளுக்குக் காட்ட வேறு ஊருக்குப் போகவேண்டும் என்றார். கம்பெனி ஆளுக்கு ஓர் இடம்தான் இருந்தது. அதுவும் எதிர்வீட்டுப் பெண்ணுக்கே போனது.

"வரைஞ்சது நீ, பறக்கறது அவளா? கேக்க வாய் இல்லியா உனக்கு?" என்று மகளிடம் கத்தினேன்.

"விடும்மா. அவ ரயில்ல கூட தூரமா போனதில்ல."

ஷூ பெட்டிகளை ஒப்படைக்க என் மகளும் ஓடுதளம் வரை காரில் போனாள். விமானம் தரையை விட்டுச் சற்று எழும்பியதும் ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்து எரிந்தது. உள்ளே இருந்த யாரும் பிழைக்கவில்லை. செய்தி தெரிந்ததும் என் மகளுக்குப் போன் போட்டேன். அவள் பேசும்வரை, ஏறியது யார் என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. இப்போதும் அவள் போன் எடுக்கத் தாமதித்தால் திரும்பத் திரும்ப அடிக்கிறேன்.

வேலை விட்டு வந்ததும் அவள் எதிர்வீட்டுக்குத்தான் போகிறாள். காய் நறுக்கிக் கொடுக்கிறாள், அக்காவுக்குத் தலை வாரிவிடுகிறாள். எனக்கு ஒருநாளும் வாரிவிட்டதில்லை. அவரை 'அம்மா' என்று கூப்பிடுவது என் சமையலறைவரை கேட்கிறது.

நேற்று சாயங்காலம் அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா, இன்னிக்கு அவ எங்க வூட்லயே படுத்துக்கட்டுமா? காலைல அனுப்பிடறேன்."

அவருக்குப் பின்னால் நின்று என் மகள் என் முகத்தையே பார்த்தாள். எனக்கு இருப்பது இவள் ஒருத்திதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதை அவரிடமா சொல்வது?

"இருக்கட்டும்க்கா" என்றேன்.

உள்ளே போய் மாற்றுத்துணி எடுத்தேன். அவள் வழக்கமாகப் போட்டுக்கொண்டு தூங்கும் பழைய நைட்டி மேலாகவே இருந்தது. அதை என் தலையணையருகே வைத்துவிட்டு வேறொன்றைக் கொடுத்தனுப்பினேன்.