ஓடாத வண்டிக்கு டயர் மாற்றுவது

டயரின் பள்ளங்களில் மாட்டிக்கொண்ட கற்களை ஸ்குரூடிரைவரால் நெம்பி எடுப்பது புனிதவதியின் வேலை. ஜீப்பைக் காட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவது அவள் கணவர் தனசேகரன். பிடோக்கில் அவர்கள் அடுக்குமாடிப் புளோக்கை ஒட்டிய அடுக்குக் கார் நிறுத்தத்தின் கீழ்த்தளத்தில், குழாயடியில், கால் ஒன்று வளைந்த பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து கல்லெடுப்பது இவள். ஒவ்வொரு தடவையும் அல்ல. டயர்களை முன்னும் பின்னும் இடம் மாற்றக் கடைக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் மட்டும். யாரும் செய்யச் சொன்னதில்லை. கல்லும் மண்ணுமாக வண்டியை இன்னொருவர் கையில் கொடுப்பது எச்சில் தட்டை நீட்டுவதுபோல அவளுக்கு.

அந்த வெள்ளிக்கிழமையும் பள்ளி வேனின் காலை ஓட்டத்தை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். வலது தோளில் தசைநார் கிழிந்திருந்ததால் இடது கைதான். போன தடவைபோலவே முதல் டயரில் கல் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் ஒன்று கிடைத்தது, கல் அல்ல. சுண்டைக்காய் அளவில், முள்முள்ளாக, ஒரு சவுக்கங்காய். அதை உள்ளங்கையில் போட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எல்லை தாண்டி ஜோகூர் காட்டுக்குள் போய்வந்த டயரில் செம்மண் அப்பியிருக்கும், கீறல் கீறலாக இருக்கும். சவுக்கு கடற்கரை மரம். காயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நான்காவது டயருக்கு முக்காலியை நகர்த்தினாள்.

அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. கல்யாணமான புதிதில் சிராங்கூன் சாலையில் ஒரு புடவைக் கடையில் விற்பனைக்கு நின்றாள். மகள் இனியா பிறந்தபின், பள்ளி நேரத்தோடு ஒத்துப்போகிற வேலை வேண்டுமென்று வேன் ஓட்டும் லைசன்ஸ் எடுத்தாள். இனியா வளர்ந்து மெல்பர்னில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள். வேன் மட்டும் நிற்கவில்லை. எந்தப் பிள்ளையைப் பின்சீட்டில் உட்கார வைத்தால் வாந்தி எடுக்கும், எது தண்ணீர்ப் புட்டியை விட்டுவிட்டு இறங்கும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியும். பெயர்கள்தான் ஜனவரிக்கு ஜனவரி குழம்பும்.

டயர் விஷயமும் வேன் ஓட்டிக் கற்றதுதான். வெறும் ரோட்டில் ஓடும் வண்டிக்குப் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை இடம் மாற்றினால் போதும். காட்டு வண்டியின் டயர் கட்டிகட்டியாக இருக்கும். தார் ரோட்டில் ஓடும்போது ஒவ்வொரு கட்டியிலும் ஒரு முனை மட்டும் தேயும். கவனிக்காமல் விட்டால் லாரிபோல இரையும். அதனால் ஐயாயிரத்துக்கு ஒரு தடவை, பின்கதவில் தொங்கும் ஸ்பேரையும் சேர்த்து ஐந்தையும் சுற்றி மாற்ற வேண்டும். தனசேகரன் மீட்டரைப் பார்க்கமாட்டார். அவருடைய கணக்கு வேறு. "ஆறு ட்ரிப் ஆச்சு, மாத்திடு" என்பார். ஜோகூர், பஹாங் என்று ஆறு நடை போய்வந்தால் ஏறக்குறைய ஐயாயிரம் ஆகிவிடும். அந்தக் கணக்கு தப்பியதில்லை என்று அவளும் மீட்டரைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். நேற்றும் சாப்பிடும்போது அப்படித்தான் சொன்னார்.

முன்பெல்லாம் இரண்டு மாதத்துக்கு ஒரு ட்ரிப் போவார். அவருடைய அப்பா ராமலிங்கம் பக்கவாதத்தில் விழுந்து இவர்கள் வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. அதிலிருந்து ஒரு வாரம் விட்டு ஒரு வாரம். சனிக்கிழமை விடிய எழுந்து போனால் ஞாயிறு இருட்டிய பிறகுதான் வருவார். கிழவருக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய உடம்பு. ஒரு பக்கம் விழுந்துவிட்டாலும் கனம் குறையவில்லை. வீட்டோடு இருக்கும் மியன்மார் பணிப்பெண் சூ சூவும் புனிதவதியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத்தான் அவரைப் புரட்டுவார்கள், துடைப்பார்கள், பெம்பர்ஸ் மாற்றுவார்கள். ஞாயிற்றுக்கிழமை சூ சூவுக்கு விடுமுறை. அன்றைக்குப் புனிதவதி தனியாகத் தூக்குவாள். தோள் அப்படித்தான் கிழிந்தது.

ஆபரேஷன் செய்யவேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. கொடுத்த தேதியை அவள் இரண்டு தடவை தள்ளிவைத்தாள். வேனுக்கு மாற்று டிரைவர் கிடைப்பார். ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் ஆள் இல்லை. தனசேகரனிடம் போகவேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. வாரமெல்லாம் கப்பல் பட்டறையில் வெந்து சாகிறவர், அவருக்கு இருப்பது அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொள்வாள்.

ஒலி முகம்மதுவின் டயர் கடை ஜாலான் புசாருக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. ஜீப்பைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"அண்ணன் வரலையாக்கா?"

"அவரு என்னைக்கு வந்தாரு பாய்?"

"அதானே. காட்டுக்கு அவரு, கடைக்கு நீங்க."

வண்டியைத் தூக்கி நிறுத்தி, ஒரு டயரின் கட்டிகளைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே போனார். பாதியில் நிறுத்திக் கதவைத் திறந்து மீட்டரை எட்டிப் பார்த்தார். போன தடவை கதவோரம் தாம் கிலோமீட்டர் எழுதி ஒட்டிய சிட்டையைப் பார்த்தார். மறுபடியும் மீட்டர்.

"அக்கா, போன தடவை மாத்துனது நான்தானே?"

"வேற யாரு?"

"ஆயிரம்கூட ஓடல லா. போன ரெண்டு மூணு தடவையும் கொறச்சலாத்தான் இருந்துச்சு, நான் கேக்கல."

"ஆறு ட்ரிப் போயிருக்கு பாய்."

"ஆறு ட்ரிப்பா?" டயரின் பக்கவாட்டைத் தட்டினார். கல் கீறவில்லை, வேர் உரசவில்லை, வழவழவென்று இருந்தது. அவளுடைய முகத்தைப் பார்க்காமல் டயரிடமே பேசினார். "மீட்டர் எதுவும் கோளாறா இருக்கும்."

"மீட்டர் நல்லாத்தான் இருக்கு."

"மாத்தச் சொன்னா மாத்திடுறேன். எனக்கென்ன? ஆனா ஓடாத வண்டிக்கு எதுக்குக்கா? அஞ்சும் ஒரே மாதிரிதான் இருக்கு, முன்னால போட்டா என்ன, பின்னால போட்டா என்ன."

"சரி, காத்து மட்டும் பாருங்க. நான் தேக்கா போயிட்டு வந்துடுறேன்."

"வெயில்ல நடக்காதீங்க. ஒரு கிளாஸ் தே சொல்றேன், குடிச்சிட்டுப் போங்களேன்."

"வந்து குடிக்கிறேன் பாய்."

தேக்கா சந்தையில் மாமனாருக்கு முள் இல்லாத மீனாகப் பார்த்துக் கொடுவா வாங்கினாள். வெட்டி முடிக்கட்டும் என்று சாப்பாட்டுக் கடைகளின் பக்கம் நகர்ந்தபோது குரல் கேட்டது.

"அண்ணி! இங்க, அண்ணி!"

கேசவன். தனசேகரனோடு காட்டுக்குப் போகும் கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். எங்கே கூடாரம் அடிப்பது, எந்த ஆற்றில் இறங்குவது எல்லாம் அவர் முடிவு. தே தாரேக் கிளாசுக்குப் பின்னால் தொப்பை கொஞ்சம் கூடியிருந்தது.

"மீன் யாருக்கு அண்ணி? அண்ணனுக்கா?"

"மாமாவுக்கு. உங்க அண்ணனுக்குத்தான் நாளைக்குக் காட்டுல நீங்க மெகி நூடுல்ஸ் போட்டுக் குடுப்பீங்களே. உப்புக் கொஞ்சம் கம்மியாப் போடுங்க, பிரஷர் இருக்கு."

கேசவன் சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டார்.

"எந்தக் காடு அண்ணி? என் வண்டியக் குடுத்தே ஒன்றரை வருஷம் ஆகுது லா. பத்து வருஷம் முடிஞ்சிடுச்சு. வண்டி வெச்சுக்க மறுபடி சிஓஇ பர்மிட் எடுக்குற காசுக்கு அந்தக் காட்டையே வாங்கிப் போடலாம். இப்ப எனக்கு டபுள்டெக்கர் பஸ்தான். டயரு தேஞ்சா டிரைவர் பாடு."

"மத்தவங்க?"

"எல்லாரும் குடுத்தாச்சு. வாட்சாப் குரூப் மட்டும் இருக்கு. அதுலயும் இப்ப பேரப்பிள்ளைங்க போட்டோதான், எது யாரோடதுன்னே தெரியல. அண்ணன் சொல்லலையா?"

"சொல்லியிருப்பாரு. எனக்குத்தான் ஞாபகம் இல்ல."

கேசவன் கிளாசைச் சுற்றினார். "மாமா எப்படி இருக்காங்க?"

"அப்படியேதான் இருக்காங்க. வரேன், மீனு வெட்டியிருப்பாங்க."

மீன்காரர் தலையும் வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றாள். பையை வாங்கிக்கொண்டு ஒரு தூணோரம் நின்றாள். கோபம் வரும் என்று காத்திருந்தாள். பல் பிடுங்குவதற்கு ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால், விரலுக்குக் கன்னம் தெரியும், கன்னத்துக்கு விரல் தெரியாது. அப்படி இருந்தது. வேறு பெண்ணாக இருக்குமோ என்று நினைத்துப் பார்த்தாள். அதற்கும் ஒன்றும் ஆகவில்லை. யாரோ தள்ளுவண்டியில் காய்கறிக் கூடைகளைக் கொண்டுபோனார்கள். தள்ளி நின்று வழிவிட்டாள்.

ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அவள் தேதியைத் தள்ளிவைத்த இரண்டு தடவையும் ஜோகூரில் ட்ரிப் எதுவும் இருந்திருக்கவில்லை.

மீன்பையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு அங்கிருந்தே மருத்துவமனைக்குப் போன் செய்தாள். அடுத்த மாதம் இரண்டாவது வியாழக்கிழமை இருக்கிறது, இந்தத் தடவையாவது வருவீர்களா என்று போனில் பேசிய பெண் கேட்டாள். வருகிறேன் என்றாள் புனிதவதி. கடைக்குத் திரும்பி, ஒலி முகம்மது வாங்கிவைத்திருந்த ஆறிப்போன தேயைக் குடித்துவிட்டு, ஜீப்பைக் கொண்டுபோய் வீட்டருகே விட்டாள். மதியம் வேனை எடுத்துப் பிள்ளைகளை அவரவர் புளோக்கின் கீழே இறக்கினாள். ஒரு பெண்பிள்ளை தான் வரைந்த யானையைக் காட்டியது. நல்லா இருக்கு என்றாள்.

சாயங்காலம் மீனை ஆவியில் வேகவைத்து, பிசைந்து, ராமலிங்கத்துக்கு ஊட்டினாள். தனசேகரன் வேலையிலிருந்து வந்து, வழக்கம்போல் அந்த அறையின் வாசலில் ஒரு கையை நிலையில் வைத்து நின்றார்.

"அப்பா சாப்டாங்களா?"

"சாப்பிடுறாங்க."

கிழவர் நல்ல பக்கத்துக் கண்ணைத் திருப்பி மகனைப் பார்த்து "ம்" என்றார். அதற்குள் தனசேகரன் போய்விட்டார்.

ஊட்டி முடித்து, வாயைத் துடைத்து, சூ சூவிடம் தட்டைக் கொடுத்துவிட்டுப் படுக்கையறைக்கு வந்தாள். தனசேகரன் நாளைக்குப் பை கட்டிக்கொண்டிருந்தார். ரப்பர் பூட்ஸ், டார்ச், கொசுவர்த்தி. பூட்ஸின் அடியில் மண்ணே இல்லை. இதை எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று அவளுக்குத் தோன்றியது. கழுவிக்கொண்டு வருகிறார் என்றே நினைத்திருந்தாள்.

"டயர் மாத்தியாச்சா?"

"இல்ல."

"ஏன், கடை மூடியா?"

"ஓடாத வண்டிக்கு எதுக்கு மாத்தணும்னு பாய் கேட்டாரு."

டார்ச்சைப் பையில் வைத்தவர் அதை வெளியே எடுத்து ஒரு தடவை எரியவிட்டுப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தார்.

"அவனுக்கென்ன தெரியும்? காட்டுக்குள்ள நத்தை மாதிரிதான் போகும். கிலோமீட்டர் ஏறாது."

"கேசவனத் தேக்காவுல பார்த்தேன். பஸ்லதான் போறாராம்."

சவுக்கங்காயைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கட்டில்மேல் அவர் பைக்குப் பக்கத்தில் வைத்தாள். தனசேகரன் அதைப் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்தார்.

"சாங்கி" என்றார். "பீச் பக்கத்து கார்பார்க். சீட்டச் சாய்ச்சிட்டுப் படுத்துருவேன். பிளேன் எறங்குறதப் பாத்துக்கிட்டு இருப்பேன். வேற ஒண்ணுமில்ல புனிதா. சத்தியமா யாருமில்ல."

"யாராவது இருந்திருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும்."

"மொதல்ல கேசவன் நிறுத்தினப்ப சொல்லணும்னுதான் இருந்தேன். அப்புறம் சொன்னா சனி, ஞாயிறும் வீட்டுல இருக்கணுமே." தரையைப் பார்த்துப் பேசினார். "எங்கப்பாவ அப்படிப் பாக்க முடியல. துணிய அவுத்து, தொடைச்சு... ஒனக்குத் தெரியாது."

"எனக்குத் தெரியாதா?"

அவள் குரல் உயரவில்லை. பள்ளி வேன் பிள்ளைகளிடம் நாளைக்கு எத்தனை மணிக்குக் கீழே நிற்க வேண்டும் என்று சொல்லும் அதே குரலில் சொன்னாள்.

"அடுத்த மாசம் ரெண்டாவது வியாழக்கிழமை எனக்கு ஆபரேஷன். ஒத்துக்கிட்டாச்சு. ஆறு வாரத்துக்குக் கையத் தூக்கக் கூடாது. மத்த நாளு சூ சூ இருக்கா."

"ஞாயித்துக்கிழமை அவளுக்குச் சம்பளம் சேத்துக் குடுத்து..."

"அது அவ லீவு."

சுவருக்கு அந்தப் பக்கம் ராமலிங்கம் இருமினார். புரட்டிப்போட நேரமாகிவிட்டது. தனசேகரன் சவுக்கங்காயை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டினார். முள் குத்தியிருக்க வேண்டும், கீழே வைத்தார்.

"தேதி ஒரு மாசம் தள்ளிக் கேட்டுப் பாரேன்."

அவள் அலமாரியைத் திறந்து மாமனாருக்குத் துவைத்த துண்டு ஒன்றை எடுத்தாள்.

"அவரு எவ்வளவு கனம்னு ஒனக்கே தெரியும்" என்றார். "தனியா நான் எப்படித் தூக்குவேன், புனிதா?"

துண்டை இடது தோளில் போட்டுக்கொண்டு, கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு, புனிதவதி மாமனாரின் அறைக்குப் போனாள்.