இல்லாதவனுக்கு மாத்திரை

எங்கள் சுகாதார நிலையத்து நர்ஸை ஐந்து நிமிஷம் உட்காரச் சொன்னாலே அவளுக்குக் கோபம் வரும். காசநோய்க்காரர்களுக்கு வீடு தேடி மாத்திரை கொடுப்பது அவள் வேலை. தெருவில் அவள் பெயர் மாத்திரைக்காரி. கால் ஓய்ந்தால் வாய் ஓயாது என்பதால், அவள் நடந்துகொண்டிருப்பதே எங்களுக்கும் நல்லது.

அந்த வாரம் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சிறையில் இரண்டு மாதமாக மாத்திரை சாப்பிட்டு வந்த ஒருவனை ஜாமீனில் விட்டுவிட்டார்கள். அவன் வீட்டுக்குப் போனான், மாத்திரை சிறை ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டது. எங்களுக்குத் தகவல் வரப் பன்னிரண்டு நாள். பாதியில் நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காது. ஒற்றை அறை வீட்டில் அவனோடு தாயும், வெட்டுப்பட்டுச் செத்த அண்ணனின் ஐந்து வயது மகளும் இருந்தார்கள். சிறைக் கதவைத் திறந்துவிடத் தெரிந்தவர்களுக்கு ஒரு போன் போடத் தெரியாதா என்று மாத்திரைக்காரி கத்தினாள். எனக்கும் அதே எரிச்சல்தான்.

முதல் நாள் கதவைத் தட்டி, கோப்பைப் பிரித்து, அவன் பெயரைத் தகப்பன் பெயரோடு சேர்த்துப் படித்தாள். எங்களுக்கு அது வழக்கம். அந்தத் தெருவில் அப்படிப் படிப்பது போலீஸ் மட்டும்தான். அவன் இங்கே வந்தே ஒரு வருஷமாச்சு என்று தாய் கதவைச் சாத்தினாள். போலீசுக்கும், அவனை வெட்டக் காத்திருப்பவர்களுக்கும் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில். உள்ளே இருமல் கேட்டது. மறுநாளும் அதே பதில், அதே இருமல்.

மூன்றாம் நாள் கோப்பை எடுக்காமல் போனாள்.

"அம்மா, அவன் இங்க இல்லன்னே வச்சுக்கலாம். இந்த மாத்திரைய அந்த இல்லாதவனுக்குக் குடுங்க. காலைல, வெறும் வயித்துல."

தாயின் முகம் மாறவில்லை. கை மட்டும் நீண்டது.

மறுநாள் காலை தட்டுவதற்கு முன்பே கதவு திறந்தது. தாய் காலி அட்டையைக் காட்டினாள். பிறகு பேத்தியை முன்னால் தள்ளினாள்.

"இவளும் பத்து நாளா இருமுறா. சொன்னா யார்கிட்டேருந்து ஒட்டுச்சுன்னு கேப்பீங்க. அதான் மறைச்சுட்டேன்."

மாத்திரைக்காரி குழந்தையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று எங்கள் நிலையத்தைப் பார்த்து நடந்தாள். தாய் பின்னாலேயே ஓடிவந்தாள். பாதித் தெரு தாண்டியபோது கடைக்காரர்கள் எல்லோரும் எழுந்து நிற்பதைப் பார்த்து மாத்திரைக்காரி திரும்பினாள். துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, பட்டப்பகலில், நடுத்தெருவில் அவன் வந்துகொண்டிருந்தான்.