நாலு பேருக்கு மீன்

ஏரியூர்க்காரர்களுக்கு ஒகேனக்கலைச் சுற்றிக் காட்ட ஒரு கைடு வேண்டுமா? பெங்களூர்க்காரன் வைத்துக்கொள்ளட்டும், வெள்ளைக்காரன் வைத்துக்கொள்ளட்டும். எங்களுக்குப் பென்னாகரத்தில் பஸ் மாறினால் அருவி வந்துவிடும். பள்ளிக்கூடத்திலிருந்து போயிருக்கிறோம், ஆடிப்பெருக்குக்குப் போயிருக்கிறோம், ஊரில் யார் வீட்டுக்காவது விருந்தாளி வந்தால் அவர்களோடு தொற்றிக்கொண்டும் போயிருக்கிறோம். ஆனாலும் அப்பா அந்த ஞாயிற்றுக்கிழமைக்குக் காரும் கைடும் பேசியிருந்தார். டவுன் பஸ்ஸைத் தவிர வேறெதிலும் ஏறாத மனிதர் அவர். “நாமளும் ஒரு நாளைக்கு ராஜா மாதிரி போய்ட்டு வரலாம்” என்றார்.

அந்தப் பயணத்தில்தான் என் அக்காவை ஆற்றுக்கு அந்தாண்டக் கரையில் இறக்கிவிட்டு, அவள் விரும்பாத ஒருவருக்குக் கட்டிவைத்தார்கள். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. சொல்கிற பொறுமையும் இல்லை.

அக்கா நர்சிங் படித்துவிட்டுத் தருமபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். அங்கேயே ஹாஸ்டல். அதே ஆஸ்பத்திரியில் லேபில் இருந்த ஒருவரைப் பிடித்துப்போனது. அவள் ஓடிப்போகவில்லை, மறைக்கவும் இல்லை. ஊருக்கு வந்து, அப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை காத்திருந்து, நேராகச் சொன்னாள். “நம்ம ஆளுங்க இல்லியே” என்றாள் அம்மா. அப்பா எழுந்து ஆட்டுப்பட்டிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு அக்காவோடு போனில்கூடப் பேசவில்லை. இரண்டு மாதம் போல ஆனது. திடீரென்று ஒருநாள் அம்மா போன் போட்டு, “அப்பாரு மனசு மாறிட்டாரு கண்ணு. நீ வா. எல்லாரும் ஒரு நாளு வெளிய போய்ட்டு, சந்தோசமா ஒக்காந்து பேசிக்கலாம்” என்றாள்.

அக்கா சனிக்கிழமை சாயங்காலமே வந்துவிட்டாள். மொட்டை மாடியில் நின்று அந்த லேப்காரரோடு போனில், “ஒத்துக்குவாங்க போலத்தான் இருக்குது” என்று சொல்லிச் சிரித்ததை நான் கேட்டேன். எனக்கு அப்போது பிளஸ் டூ முடிந்திருந்தது. அவளுடைய கல்யாணத்துக்கு என்ன கலரில் பட்டுப்பாவாடை எடுப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

காரில் நாங்கள் ஐந்து பேர். அப்பா, அம்மா, அக்கா, நான், எட்டாவது படித்துக்கொண்டிருந்த தம்பி. ஓட்டுகிறவரே கைடு. பேன்ட்டுக்குள் சட்டையைச் சொருகி, கழுத்தில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டிருந்தார். வண்டி கிளம்பியதுமே ஆரம்பித்துவிட்டார். “தண்ணி விழற வேகத்துக்குப் பொகை மாதிரி எழும்புமுங்க. கன்னடத்துல ஹொகேன்னா பொகை. பொகையிற கல்லு. அதாங்க ஒகேனக்கல்லு.” தம்பி, “இத எங்க டீச்சரே சொல்லிட்டாங்க” என்றான். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா மட்டும் சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பென்னாகரத்தில் அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லி மல்லிகைப்பூ வாங்கினாள். எனக்குக் கொடுத்துவிட்டு, அம்மாவுக்குத் தானே வைத்துவிட்டாள். அம்மா தலையைக் குனிந்து காட்டினாள். எந்த நெஞ்சோடு காட்டினாளோ.

ஒகேனக்கல்லில் ஒரு வழக்கம் உண்டு. ஆற்று மீனை நாம் வாங்கி, வரிசையாக அடுப்புப் போட்டிருக்கிற பெண்களில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு அருவிக்குப் போய்விடலாம். குளித்து, பரிசலில் சுற்றிவிட்டு வருவதற்குள் குழம்பு, வறுவல், சோறு எல்லாம் தயாராக இருக்கும். மீன் பையை வாங்கியதும் அவர்கள் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்.

“எத்தன பேருக்குங்க ஆக்கட்டும்?”

“நாலு பேருக்கு” என்றாள் அம்மா.

“அஞ்சும்மா” என்றேன்.

“நாலு போதும்.”

“கைடு அண்ணனையும் சேத்தா ஆறு. நீ என்னா நாலுங்கற?”

“அவரு வேற எடத்துல சாப்புட்டுக்குவாரு. நீ வாய மூடிக்கிட்டு வா.”

அக்காவும் பக்கத்தில்தான் நின்றாள். என் தலையில் செல்லமாக ஒரு தட்டு தட்டி, “வுடுடி. நான் உன் எலையில பங்கு போட்டுக்கறேன்” என்றாள். அம்மா கஞ்சத்தனம் பிடிப்பதாகத்தான் இருவரும் நினைத்தோம். எங்கள் வீட்டில் அது புதிதும் இல்லை.

பரிசல் துறைக்கு இறங்கும்போது அம்மா அக்காவின் போனைக் கேட்டாள். “குடு, தண்ணில வுழுந்துரப் போவுது.” ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு இடுப்பில் சொருகிக்கொண்டாள். ஆளுக்கொரு ஆரஞ்சு நிற ஜாக்கெட் கொடுத்தார்கள். ஒரே பரிசலில் எல்லாரையும் ஏற்ற மாட்டார்கள் என்பதால் அப்பாவும் அக்காவும் கைடும் முன்னால் போனதில் ஏறினார்கள். பின்னால் ஒன்றில் அம்மா, நான், தம்பி. அக்கா என்னைத் தன்னோடு வரச்சொல்லிக் கூப்பிட்டாள். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், விடவில்லை.

இரண்டு பக்கமும் பாறைச் சுவர். நடுவில் தண்ணீர் கறுப்பாக ஓடியது. அருவிக்குக் கிட்டே போனதும் சாரல் முகத்தில் அடித்தது, தம்பி கத்திக் கும்மாளம் போட்டான். எங்கள் பரிசல்காரர் அந்த இடத்திலேயே நிறுத்திச் சுற்றிக் காட்டினார். முன்னால் போன பரிசல் நிற்கவில்லை. அப்படியே எதிர்க்கரைக்குப் போனது. அந்தக் கரை கர்நாடகம். கைடு ஏதோ காட்டக் கூட்டிப்போகிறார் என்று நினைத்தேன். அப்புறம்தான் பாறை மேல் மாமா நிற்பதைப் பார்த்தேன்.

மாமா என்றால் அம்மாவின் சொந்தத் தம்பி. மாதேஸ்வரன் மலைப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆடும் கேழ்வரகுக் காடுமாக இருந்தார். மனைவி செத்து வருசம் ஆகியிருந்தது. அக்காவைத் தோளில் தூக்கிப்போட்டுத் திருவிழா காட்டியவர். அவரோடு இன்னும் இரண்டு பேர். மேலே மரத்தடியில் ஒரு ஜீப்.

அக்கா இறங்கினாள். அப்பா ஏதோ சொன்னார். அவள் திரும்பிப் பரிசலில் ஏறப் போனாள். அந்த இரண்டு பேரும் குறுக்கே நின்றார்கள். அவள் எங்கள் பக்கம் பார்த்து இரண்டு கையையும் ஆட்டிக் கூப்பிட்டாள். வாய் திறந்து திறந்து மூடியது மட்டும்தான் தெரிந்தது. அருவி இரைச்சலில் ஒரு சத்தமும் வந்து சேரவில்லை.

“அம்மா, அக்கா கூப்புடறா.”

“கூப்புடட்டும்” என்றாள் அம்மா. அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் எனக்கு அந்த நாலு பேர் விளங்கியது. நான் எழுந்து கத்தினேன். பரிசல் ஆடியது. பரிசல்காரர் துடுப்பை விட்டுவிட்டு என் தோளை அழுத்தி உட்காரவைத்தார். ஜீப் மேலேறிப் போனது. அப்பா இருந்த பரிசல் திரும்பி வந்தது. அக்கா போட்டிருந்த ஜாக்கெட் அவர் மடியில் இருந்தது. வாடகைச் சாமான் இல்லையா, திருப்பிக் கொடுத்தாக வேண்டுமே.

மீன் தயாராக இருந்தது. சரியாக நாலு இலை போட்டிருந்தார்கள். நான் என் இலையைச் சோற்றோடு தூக்கி எறிந்தேன். அப்பா அறைந்தார். தம்பி அழுதுகொண்டே சாப்பிட்டான், பசி அவனுக்கு.  திரும்பும்போது பென்னாகரத்தில் அப்பா டீ குடிக்க இறங்கிய நேரத்தில் கைடு என் பக்கம் திரும்பி, “சொந்தக்காரங்க வூட்டுக்குப் போறாங்கன்னு மட்டுந்தான் பாப்பா எங்கிட்ட சொன்னாங்க” என்றார். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸில் தருமபுரி போய் அந்த லேப்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் போலீசுக்கு ஓடினார். போலீஸ்காரர்கள் மாமாவுக்குப் போன் போட்டார்கள். அதற்குள் மலைக்கோயிலில் மாமா தாலி கட்டிவிட்டார். தன் இஷ்டப்படிதான் நடந்தது என்று அக்கா போனில் சொன்னாளாம். பக்கத்தில் யார் நின்றார்கள் என்று அவர்கள் கேட்டார்களோ இல்லையோ. அந்த மனிதர் கொஞ்ச நாள் பைத்தியம் பிடித்த மாதிரி அலைந்துவிட்டு வேறு ஊருக்கு வேலை மாற்றிப் போய்விட்டார்.

அக்கா ஆட்டுக்குத் தழை ஒடித்தாள், கேழ்வரகு அறுத்தாள், ஒரு பையனைப் பெற்றாள். ஊசி போடப் படித்த கை. சொந்தக்காரர்கள் வந்தால், “அவன் குடிக்கறானா, அடிக்கறானா? அவளுக்கென்ன கொறை?” என்பார்கள். அடிக்காமல் இருப்பதற்கே மெடல் குத்துகிற ஊர் இது.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அக்கா அசையவில்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவள் கை நனைத்ததே கிடையாது. தலைப்பிரசவத்துக்கே வரவில்லை. போன வருசம் அப்பா செத்தபோது வந்தாள். பந்தலில் மற்றவர்களோடு உட்கார்ந்திருந்தாள். குடிக்கிற தண்ணீரைக்கூடக் கடையிலிருந்து பாட்டிலாக வாங்கிவரச் சொன்னாள். அம்மா ஒரு டம்ளர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு அவள் எதிரில் எவ்வளவு நேரம் நின்றாள் என்பதை ஊரே பார்த்தது.

காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து அம்மா என்னிடம் வந்தாள். “ஒகேனக்கல்லுக்கு வரச்சொல்லு அவள. அங்கன்னா சாப்புடுவா. அது நம்ம வூடு இல்லியே.”

“எந்த எடம்னு தெரிஞ்சுதான் பேசறியா? வெக்கமா இல்ல உனக்கு?”

“அங்கதான வுட்டேன். அங்கயேதான் கேக்கணும்.”

எனக்குக் கோபம் வந்தது. பாவமாகவும் இருந்தது. இப்போது நான் சம்பாதிக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, பஸ் ஏற முடியாது. அதனால் நானே ஒரு காரும் கைடும் பேசினேன். அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன்.  “வரேன்” என்றாள்.

இந்தத் தடவை கைடு சின்ன வயசுக்காரர். அதே ஹொகே, அதே பொகை. தம்பி இப்போது காலேஜ் படிக்கிறான், போனைப் பார்த்துக்கொண்டே வந்தான். அம்மா நல்ல மீனாகப் பார்த்துப் பார்த்து வாங்கினாள். அடுப்புக்காரம்மா கேட்டார். அம்மா, “அஞ்சு பேருக்குங்க. எம் பேரனும் வர்றான்” என்று உரக்கச் சொன்னாள்.

அக்கா எதிர்க்கரையிலிருந்து பரிசலில் வந்தாள். பையனைக் கூட்டி வரவில்லை. இளைத்துக் கறுத்திருந்தாள். ஜாக்கெட்டைக் கழற்றிப் பரிசல்காரரிடம் கொடுத்துவிட்டு, கன்னடத்தில் என்னவோ சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டு அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்தார். அவரைப் போகவேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

இலை போட்டார்கள். அக்கா வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.  அம்மா இருப்பதிலேயே பெரிய துண்டாக எடுத்து அவள் இலையில் வைத்தாள். முள்ளைக்கூட எடுத்துவிடப் பார்த்தாள்.

“எத்தன பேருக்குச் சொன்ன?” என்று அக்கா கேட்டாள்.

“அஞ்சு பேருக்குக் கண்ணு. அவனும் வருவான்னு நெனச்சேன்.”

“அன்னிக்கு நாலு பேருக்குத்தான் சொன்ன.”

அம்மா இன்னொரு துண்டை எடுத்து அவள் இலையில் வைத்தாள்.

“கூட்டிட்டுப் போய் வுட்டது அப்பாரு. அவரும் போயிட்டாரு. கட்டிக்கிட்டவரு மேலகூட எனக்குக் கோவம் வத்திப்போச்சு. இது ஒண்ணுதான் போவ மாட்டேங்குது. மலைக்குப் போற வழியெல்லாம் எனக்குப் பசி. எனக்கும் சேத்து நீ சொல்லியிருந்தீனா, கடேசி வரைக்கும் எங்கம்மாவுக்கு மனசு ஆடிக்கிட்டுத்தான் இருந்துதுன்னு நெனச்சிக்குவேன். ஏம்மா சொல்லல?”

நானாக இருந்தால் ஒரு பொய் சொல்லியிருப்பேன். மறந்துவிட்டேன் என்றாவது, அப்பாவுக்குப் பயந்துகொண்டு என்றாவது. அம்மா எவ்வளவோ பொய் சொன்னவள்தான். அன்றைக்கு ஒன்றும் வரவில்லை. இலையையே பார்த்துக்கொண்டிருந்தவள் மெல்லச் சொன்னாள்.

“மீனு வீணாப் போயிருமேன்னுதான் கண்ணு.”

அக்கா சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள். எழுந்தாள். கை காய்ந்தே இருந்தது. தம்பியின் தோளைத் தொட்டாள், என் கன்னத்தைத் தொட்டாள், “வரேன்” என்றாள். பரிசல்காரர் அவளைப் பார்த்ததும் எழுந்து துடுப்பை எடுத்தார். அக்கா ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஏறினாள். இந்தத் தடவை அவள் இந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுப்புக்காரம்மா சோற்றுக் குண்டானோடு வந்தார். “அந்தப் பாப்பா சாப்புடலீங்களா? எலைய எடுத்துறட்டுங்களா?”

“இருக்கட்டும்” என்றாள் அம்மா.