மாமாவுக்கு வாங்கிய பெர்மிட்

என் அக்காவின் கணவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். இங்கே மலாய் நாட்டில், கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர். வேலை கிடைத்து மெல்பர்ன் போனார், அக்காவைக் கட்டிக்கொண்டு போய் அங்கேயே குடியுரிமையும் வாங்கிவிட்டார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு வண்ணத்துப்பூச்சி சேகரிக்கும் பழக்கம் பிடித்துக்கொண்டது. வீட்டில் ஓர் அறை முழுக்கக் கண்ணாடி போட்ட பெட்டிகள் என்று அக்கா போனில் சொல்வாள். பெருமைப்படுகிறாளா, அலுத்துக்கொள்கிறாளா என்பது எனக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை.

நான் கிள்ளானை ஒட்டிய பண்டமாரானில் இருக்கிறேன். துறைமுகத்தில் பார்வர்டிங் வேலை. கப்பலில் வருகிற, போகிற சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் பேப்பர்களை முடித்துக் கொடுப்பது. அதனால் குடும்பத்தில் யாருக்கு எந்த அரசாங்கக் காரியம் ஆகவேண்டுமென்றாலும் என் போன்தான் அடிக்கும். மாமாவும் அப்படித்தான் ஒருநாள் கூப்பிட்டார்.

"மச்சான், நானும் உன் அக்காவும் கொஞ்ச மாசம் வந்து தங்கப் போறோம். பிரிக்பீல்ட்ஸ்ல கொண்டோ வீடு பார்த்தாச்சு. கோம்பாக், உலு லங்காட் காட்டுப் பக்கம் பட்டாம்பூச்சி பிடிக்கணும். பெர்மிட் வேணுமாம். நீதான் ஆள் தெரிஞ்சவனாச்சே."

"ஆள் தெரிஞ்சு ஆகற வேலை இல்ல மாமா. நீங்க வெளிநாட்டுக்காரர். இங்க யூனிவர்சிட்டில யாராவது உங்களுக்காகக் கையெழுத்துப் போடணும். டைம் எடுக்கும்."

மாமாவின் குரல் ஏறியது: "யாரு வெளிநாட்டுக்காரன்? நான் கிள்ளான் ஆஸ்பத்திரியில பொறந்தவன் லா."

பிறந்தது கிள்ளானாக இருக்கலாம், பாஸ்போர்ட் ஆஸ்திரேலியாவுடையது என்று விளக்கினேன். அப்படியானால் உன் பெயரில் வாங்கிவிடு, நான் கூட வருகிற ஆள் மாதிரி வந்துகொள்கிறேன் என்றார். முடியாது என்றேன். என் பிழைப்பே பேப்பரில் இருப்பதும் உண்மையாக இருப்பதும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்தான் ஓடுகிறது. மறுநாள் அக்கா கூப்பிட்டாள். "அவருக்கு மனசு கஷ்டமாயிடுச்சு தம்பி. கொஞ்சம் பார்த்துப் பண்ணேன்" என்றாள். அவள் என்னிடம் எதையும் அதிகம் கேட்டதில்லை. அதற்காகத்தான் இறங்கினேன்.

வனவிலங்கு இலாகாவில் ஓர் அனுமதி, காட்டுக்குள் போக மாநில வன இலாகாவில் இன்னோர் அனுமதி. வேலைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு ஷா ஆலமில் உள்ள அந்த ஆபீஸ்களுக்கு ஓடுவேன். கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் பொறுமையானவள். எந்தப் பேப்பர் குறைகிறது என்பதை எனக்குப் புரியும்வரை சொல்வாள். கையெழுத்துப் போட ஒரு விரிவுரையாளரைத் தேடிக் கண்டுபிடித்தேன். தமிழ்ப் பெண்தான். அவர் முதலில் கேட்டது இதுதான்.

"அங்கிள் என்ன ஆராய்ச்சி பண்றார்?"

"சேகரிக்கிறார்" என்றேன்.

"சும்மா சேகரிக்கறதுக்கு பெர்மிட் கிடைக்காது அண்ணே." அவரே ஒரு வழியும் சொன்னார். அவர் செய்துகொண்டிருந்த கணக்கெடுப்பில் மாமாவைச் சேர்த்துக்கொள்வது, பிடிப்பதில் பாதியைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிடுவது. முன்பின் தெரியாத ஒருவருக்காக அவர் இவ்வளவு செய்தார்.

பெர்மிட் வருவதற்கு முன்பே மாமா வந்து இறங்கிவிட்டார். பகலெல்லாம் கொண்டோவில் வலையைப் பிரித்து மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தார். பங்சாருக்குப் போய் வாழையிலைச் சாப்பாடு சாப்பிடுகிற இடத்தில் பார்த்த சொந்தக்காரர்களிடமெல்லாம் ஒரு பேப்பர் வாங்க மச்சானுக்கு இத்தனை நாள் ஆகிறது என்று சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் வந்து என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். கடைசியில் பெர்மிட்டைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். தன் பெயருக்குக் கீழே 'ஆஸ்திரேலியர்' என்று இருந்த வரியைப் பார்த்தார். மடித்து மேசையில் போட்டார். ஒரு நன்றிகூட வரவில்லை. எங்கே பிடிக்கலாம், எதைத் தொடக்கூடாது, ஊருக்குப் போகும்முன் பூச்சிப் பெட்டியைக் காட்டித் தனியாக அனுமதி வாங்கவேண்டும் என்று நான் ஒவ்வொன்றாகச் சொன்னதற்கு, "கஸ்டம்ஸ்காரன் மாதிரி பேசாத மச்சான்" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அவர்களோடு போனேன். வீட்டில் முட்டி வலி என்று நாற்காலியைப் பிடித்து எழும் மனிதர், ஓடைக்கரையில் வலையோடு நடந்தபோது காலடி ஓசையே கேட்கவில்லை. ஈர மணலில் உட்கார்ந்திருந்த ஒன்றை வலையால் மூடி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அதன் மார்பை லேசாக நசுக்கினார். அது அடங்கியது. சிறகிலிருந்து ஒரு தூள்கூட உதிரவில்லை. காலில் அட்டை ஏறும் என்ற பயத்தில் அக்கா காரை விட்டு இறங்கவில்லை. மடியில் காகிதக் கட்டை வைத்து முக்கோணமாக மடித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு பூச்சியும் ஒவ்வொரு மடிப்புக்குள் போகும். மடிப்பது எப்போதும் அவள் வேலை என்றாள்.

அவர்கள் கிளம்புவதற்குச் சில நாள் முன்பு கொண்டோவுக்குப் போயிருந்தேன். மாமா ஒரு மடிப்பைப் பிரித்துக் காட்டினார். கையகலக் கறுப்புச் சிறகு, அதில் வரிசையாகப் பச்சை முக்கோணங்கள், கழுத்தில் சிவப்பு. பள்ளிப் புத்தகத்திலிருந்து இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த பூச்சி. தொடக்கூடாதவற்றில் முதலாவது.

"இது கூடாது மாமா."

"ரோட்டில செத்துக் கிடந்தது. லோரி அடிச்சிருக்கும்."

லோரி அடித்த சிறகில் ஒரு கீறல்கூட இல்லை. "செத்ததும் கூடாது. அந்த விரிவுரையாளர்கிட்ட குடுத்துடுங்க. கண்டெடுத்தோம்னு அவங்க பதிஞ்சுக்குவாங்க."

"சரி சரி" என்றார். இரண்டு நாள் கழித்துக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நம்பினேன். அக்கா முகத்தைப் பார்த்தேன். அவள் சூட்கேஸில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள்.

விமான நிலையத்துக்கு நான்தான் அழைத்துப் போனேன். பெட்டியைச் சோதிக்கும் மேசைவரை கூடவே நின்றேன். அதிகாரி பெட்டியைத் திறந்து, அனுமதிப் பத்திரத்தோடு ஒத்துப் பார்த்து, முத்திரை குத்தினார். அவ்வளவுதான் என்று நான் மூச்சு விடுகிற நேரம், கைப்பைகளையும் திறக்கச் சொன்னார். வழக்கமாகக் கேட்பதுதான். அக்காவின் பையில் புடவைக்கு அடியில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது.

அதிகாரி அதற்குள் இருந்த மடிப்பைப் பிரித்தார். அதே கறுப்புச் சிறகு, பச்சை முக்கோணங்கள். மேசையைச் சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். இது யாருடையது என்று மலாயில் கேட்டார். அக்கா மாமாவைப் பார்த்தாள். மாமா ஆங்கிலத்தில் பதில் சொன்னார்: அவள் பையில் அவள் என்ன எடுத்து வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

அக்கா கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "என் பை" என்றாள்.

அவளை ஓர் அறைக்குள் கூட்டிப் போனார்கள். அதிகாரி குரலை உயர்த்தவில்லை, அவளுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கச் சொன்னார். மாமா வெளியே என் பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு அங்க ஸ்பெஷலிஸ்ட் அப்பாயின்ட்மென்ட் இருக்கு மச்சான். விட்டா மறுபடி கிடைக்காது. நீ பார்த்துக்க. இதெல்லாம் உனக்குப் பழக்கம்தானே."

"உள்ள போய் உங்களுதுன்னு சொல்லுங்க மாமா."

"நான் சொன்னா ரெண்டு பேருமே மாட்டுவோம். அதனால யாருக்கு லாபம்?"

முத்திரை குத்திய பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன். பாஸ்போர்ட் வரிசையில் அவருடைய முதுகு கொஞ்ச நேரம் தெரிந்தது.

விசாரணை முடிகிறவரை அக்கா பண்டமாரானில் என் வீட்டில் இருந்தாள். காலையில் எழுந்து யாரும் கேட்காமலே சமைத்து வைத்துவிடுவாள். மாமா தினமும் அவளைக் கூப்பிட்டு மாத்திரை எந்த அலமாரியில் இருக்கிறது, குப்பையை எந்த நாளில் வெளியே வைப்பது என்று கேட்பார். அவளும் அமைதியாகச் சொல்வாள். வாக்குமூலம் கொடுக்க அவளைக் கூட்டிப் போன அன்று, வண்டியில் வைத்து மெதுவாகச் சொன்னேன்.

"இப்பவாவது உண்மையைச் சொல்லு அக்கா. அவர்தான் ஊருக்குப் போயிட்டாரே."

"என்ன உண்மை? மடிச்சு வெச்சது நான்தானே."

"பிடிச்சது யாரு?"

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி பேசினாள். குரல் ஏறவில்லை. "நீ முதல்லயே உன் பேர்ல எடுத்திருந்தா இதெல்லாம் வந்திருக்காது. அவர் பொறந்த ஊர்ல அவரையே வெளிநாட்டுக்காரன்னு எழுத வெச்ச. அன்னிக்கே அவர் மனசு விட்டுப் போச்சு. நீ அதைக் கூடாது இதைக் கூடாதுன்னு சொல்லாம இருந்திருந்தா அவர் மறைச்சிருக்கவே மாட்டார்."

ஃபெடரல் ஹைவேயில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. சொல்வதற்கு என்னிடம் நிறைய இருந்தது. அவள் என் அக்கா, இறங்கிப் போக இடமில்லாத வண்டியில் உட்கார்ந்திருந்தாள். ஏர்கானைக் கொஞ்சம் கூட்டிவைத்தேன்.

கோர்ட்டுக்குப் போகாமல் அபராதத்தோடு முடிந்தது. பூச்சியை அதிகாரிகள் வைத்துக்கொண்டார்கள். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்க விரிவுரையாளரிடம் போனேன். இனி வெளியாட்கள் யாருக்கும் கையெழுத்துப் போடுவதில்லை என்று மட்டும் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அக்கா கிளம்பும்போது என் மனைவியைக் கட்டிக்கொண்டாள். எனக்குத் தலையசைத்தாள். அதற்குப் பிறகு நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை.

போன மாதம் அக்கா என் மனைவியின் போனுக்குக் கூப்பிட்டாள். மாமா திரும்பவும் வருகிறாராம், இந்தமுறை தனியாக. பழைய பெர்மிட்டைப் புதுப்பிக்க முடியுமா என்று என்னிடம் கேட்டுச் சொல்லச் சொன்னாளாம். யோசித்துப் பார்த்தேன். அவர்மேல் ஒரு குற்றமும் பதிவாகவில்லை. பதிவானதெல்லாம் அக்காவின் பெயரில்தான். வேறொரு விரிவுரையாளர் கிடைத்தால் அவருக்குப் பெர்மிட் கிடைத்துவிடும்.

"அக்கா ஏன் வரலையாம்?" என்று கேட்டேன்.

"அந்த ஏர்போர்ட்ல கால் வைக்கவே கூசுதாம்" என்றாள் மனைவி. "மாமாவை யாரு போய்க் கூட்டிட்டு வரதுன்னு கேக்கறாங்க. என்ன சொல்றது?"

நான் எழுந்து அடுத்த நாள் சரக்குக்கான பேப்பர்களைப் பிரித்தேன். அவள் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டு ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று நான் இன்னும் கேட்கவில்லை.