முதல் மடக்கு

குற்றாலநாதன் எலுமிச்சம்பழத்தை மூன்று தண்ணீரில் கழுவுவார். வேட்டி நுனியால் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துத் தோலில் கரும்புள்ளி உண்டா என்று பார்ப்பார். இருந்தால் பழம் கொல்லைக்குப் போய்விடும். புளியங்குடியிலிருந்து வரும் நல்ல பழம்தான். இருந்தாலும் அவருக்குச் சந்தேகம்.

பத்திர ஆபீசில் எனக்கு அடுத்த நாற்காலி அவருடையது. வீடும் அடுத்த வீடு. நாற்பது வயது, ஒல்லி, பேசும்போது குரல் பாதியிலேயே தாழ்ந்துவிடும். மத்தியானம் ஒரு மணி அடித்ததும் குடையோடு ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குப் போவார். அங்கே மனைவி சண்முகசுந்தரி படுத்திருப்பாள். ஏழு மாதக் கர்ப்பம். சித்திரை வெயிலில் சோறு, கஞ்சி, மோர் எதுவும் அவள் வயிற்றில் தங்கவில்லை. தங்கியது எலுமிச்சைச் சாறு சேர்த்த தேங்காய்ப்பால் மட்டும்.

முன்பு இரண்டு குழந்தைகள் பிறந்து, இரண்டையும் ஒரு வாரத்துக்குள் பறிகொடுத்தவர்கள். குருவிகுளம் பக்கம் காலரா என்று தண்டோரா போட்டதிலிருந்து அந்தப் பாலை அவர் வேறு யார் கையிலும் விடவில்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்து மண்பானையில் ஆறவிடுவார். தேங்காயைத் துருவி, அந்தத் தண்ணீர் விட்டு அரைத்து, கெட்டிப்பாலை மட்டும் பிழிந்து, சீனியும் துளி உப்பும் போட்டு, கடைசியில் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்குவார். “சூடு இருந்தா திரிஞ்சுரும் வே” என்பார்.

முதல் மடக்கை அவரே குடிப்பார். சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகே டம்ளர் அவளிடம் போகும்.

பிள்ளைத்தாச்சிக்கு எலுமிச்சை ஆகாது என்று தெருவில் நாலு பேர் சொன்னார்கள். குடிக்காவிட்டால் உடம்பு தாங்காது என்று டாக்டர் சொன்னார். அவர் இரண்டையும் நம்பினார். பத்திரம் நகலெடுக்கும்போது பாதி வரியில் பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்புவார்.

“கொடுத்தாலும் பயமா இருக்கு, கொடுக்காட்டாலும் பயமா இருக்கு. நான் என்னவே செய்ய?”

வைகாசியில் ஒரு நாள் அவசரத்தில் தண்ணீர் சரியாக ஆறவில்லை. சாறு பட்டதும் பால் திரிந்து கட்டி கட்டியாக மிதந்தது. சாப்பிட நானும் வீட்டுக்கு வந்திருந்தேன்; சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவர் கூப்பிட, ஓடினேன். செம்பைப் பார்த்தபடி வேர்த்துப்போய் நின்றார். அபசகுனம் என்று முணுமுணுத்தார். வீட்டில் வேறு தேங்காயும் இல்லை. அவர் கொட்டப் போனபோது, சண்முகசுந்தரி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து செம்பை வாங்கிக்கொண்டாள்.

“தாகத்துல நாக்கு ஒட்டுது அத்தான். எத்தனை நாளைக்கு நீங்க குடிச்சுப் பாத்துத் தருவிய?”

கேட்டுவிட்டு, கட்டிகளோடு அப்படியே குடித்தாள்.

அன்று அவர் ஆபீசுக்குத் திரும்பவில்லை. பொழுது சாயும்வரை அவள் காலடியில் உட்கார்ந்து முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். அவள் அயர்ந்து தூங்கி எழுந்து, பசிக்கிறது என்றாளாம்.

ஆடி முதல் வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. ஒரு மாதம் கழித்துப் பார்க்கப் போனேன். அடுப்படியில் சண்முகசுந்தரி யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். குழந்தை தொட்டிலில் தூங்கியது. குற்றாலநாதன் ஆபீஸ் விஷயம் சொல்லிக்கொண்டிருந்தவர், பாதியில் எழுந்து போனார். தொட்டிலுக்குள் குனிந்து குழந்தையின் மூக்கடியில் ஒரு விரலை நீட்டி வைத்தார். மூச்சு சுட்டதும் திரும்பி வந்து உட்கார்ந்து, பேச்சை எங்கே விட்டோம் என்று கேட்டார். நான் சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் எழுந்தார்.