மாடி வீட்டு அக்காவின் வட்டார வழக்கு

பெங்களூர் காக்ஸ் டவுனில் எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஓர் ஆராய்ச்சி மாணவி குடியிருந்தாள். இலக்கணம் படிக்காமலே மனிதர்கள் ஒரு மொழியை எப்படிப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது அவள் ஆராய்ச்சி. அதற்காக அவளே ஒரு மொழியைச் செய்திருந்தாள். அதில் சொற்கள் உண்டு, விதிகள் உண்டு, அர்த்தம் மட்டும் கிடையாது.

ஆள் கிடைக்காமல் என்னையும் மாடி வீட்டு அக்காவையும் கேட்டாள். நான் கல்யாணமாகி ஆம்பூரிலிருந்து வந்தவள். அக்காவுக்குப் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். தமிழும் கன்னடமும் ஒரே மூச்சில் வரும். சமைக்கும்போது மாணவி தந்த பதிவை ஹெட்போனில் கேட்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. "தோமி லூகே பனு நேசா" என்கிற மாதிரி ஒரு பெண்குரல் சலிக்காமல் சொல்லிக்கொண்டே இருக்கும். நான் பாட்டுக்கு வெங்காயம் வதக்கிக்கொண்டிருப்பேன்.

சில வாரம் கழித்துப் பரீட்சை. புதுப்புது வரிகளைப் போட்டுக் காட்டி, சரியா தப்பா என்று கேட்டாள். காதில் உறுத்தியதையெல்லாம் தப்பு என்றேன். பெரும்பாலும் சரியாகவே சொல்லியிருந்தேனாம். எந்த விதியை வைத்துச் சொன்னீர்கள் என்று கேட்டாள். விதி இருக்கிறதா என்று நான் அவளைக் கேட்டேன்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஒருநாள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது, அக்காவின் ஈரப் போர்வை கொடியிலிருந்து நழுவிப் புழுதித் தரையில் விழுந்தது. எரிச்சலில் அக்கா, "பனு தோமி நேசா லூகே" என்றார்.

"அப்படி வராதுக்கா" என்றேன். என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது.

"ஏன் வராது?"

"தெரியல. ஆனா வராது."

"எனக்குந்தான் கொத்தில்ல. ஆனா வரும்."

அன்றோடு பேச்சு நின்றது. என்ன சண்டை என்று கணவர் கேட்டார். அக்கா ஒரு வாக்கியத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டு ஒத்துக்கொள்ள மறுக்கிறார் என்றேன். அதற்கு என்ன அர்த்தம் என்றார். அர்த்தமெல்லாம் இல்லை என்றேன். அவர் தட்டை நீட்டி மோர் ஊற்றச் சொன்னார்.

அடுத்து வந்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் பார்க்கிங் பிரச்சினை. ஸ்கூட்டர் நிறுத்த இடமில்லை என்று கன்னடத்தில் பொரிந்து தள்ளிய அக்கா, முடிக்கும்போது அதே வாக்கியத்தைப் போட்டார். செயலாளர், தனக்குத் துளு தெரியாது என்று மன்னிப்புக் கேட்டார். மங்களூர்க்காரர் ஒருவர் எழுந்து, இது துளு இல்லை என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. எல்லார் முன்னாலும் எழுந்து அக்காவைத் திருத்தினேன். அக்கா அந்த மொழியிலேயே திருப்பிக் கொடுத்தார். நானும் விடவில்லை. ஸ்கூட்டரை எல்லாரும் மறந்துபோனார்கள். பின்வரிசையில் மாணவி முகத்தைக் கையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கூட்டம் முடிந்ததும் எங்களைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். ஆராய்ச்சிக்காக ஆளுக்கொரு இலக்கணம் கொடுத்திருந்தாளாம். சொற்கள் ஒன்று, விதிகள் வேறு. நாங்கள் ஒருவரோடொருவர் அதைப் பேசுவோம் என்று அவள் நினைத்தே பார்க்கவில்லை. இரண்டு பேரும் சொன்னது சரிதான் என்றாள்.

அக்கா, "அப்போ உன்னுது ஆம்பூர்ப் பக்கத்துப் பேச்சு, என்னுது பெங்களூர்ப் பேச்சு. இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்றார். அன்று ராசியானோம்.

ஆராய்ச்சி முடிந்து வீட்டைக் காலி செய்யும் முன், விதிகளைச் சொல்லட்டுமா என்று மாணவி கேட்டாள். அக்கா வேண்டாம் என்றார். நன்றாக வந்துகொண்டிருப்பதை ஏன் கெடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நான் ஆசைப்பட்டு உட்கார்ந்து முழுவதையும் கேட்டுக்கொண்டேன்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வாக்கியம்கூட ஒழுங்காக வருவதில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று, அடுத்தது எது என்று யோசிக்கிறேன். அக்கா என்மேல் இரக்கப்பட்டு, வெளியூர்க்காரியிடம் பேசுவதுபோல் நிறுத்தி நிறுத்திப் பேசுகிறார்.